பல டேபுகள், ஒரே குவெரி: கேள்வி பதில்

கூகுள் ஷீட்ஸில் பல டேபுகளில் சிதறிக் கிடக்கும் கணக்கை ஒன்றுசேர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஃபார்முலாக்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஷீட்டில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். டேப் பெயர் தமிழிலேயே இருக்கலாம்.

கேள்வி: மதுரை, தேனி, திண்டுக்கல் என்று மூன்று கிளைக்கும் தனித்தனி டேப். தேதி, பொருள், பில் எண், தொகை என நாலு காலம் (நெடுவரிசை). தினமும் காப்பி பேஸ்ட் பண்ணித்தான் சேர்க்கிறேன். வேறு வழி உண்டா சார்?

உண்டு. தரவிலிருந்து வேண்டிய வரிகளை மட்டும் எடுத்துத் தரும் குவெரி என்ற ஃபார்முலாதான் அது. புது டேப் ஒன்றில் முதல் வரியில் தலைப்புகளை அடித்துவிட்டு, ஏ2-ல் இதைப் போடுங்கள்:

=குவெரி({'மதுரை'!ஏ2:டி; 'தேனி'!ஏ2:டி; 'திண்டுக்கல்'!ஏ2:டி}, "செலக்ட் * வேர் கால்1 இஸ் நாட் நல்", 0)

நெளிவு அடைப்புக்குள் அரைப்புள்ளி போட்டால் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கும். காற்புள்ளி போட்டால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். இப்படி அடுக்கிய பிறகு ஏ, பி என்ற காலம் பெயர்கள் செல்லாது. கால்1, கால்2 என்றுதான் சொல்ல வேண்டும். அதன் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இல்லாவிட்டால் பிழை காட்டும். கடைசியில் உள்ள 0, "இந்தத் தரவில் தலைப்பு வரி இல்லை" என்று சொல்வதற்கு. அதை விட்டுவிட்டால் ஷீட்ஸ் தானே ஊகிக்கும். சில சமயம் முதல் சில வரிகளை ஒட்டி ஒரே தலைப்பாக்கிவிடும்.

கேள்வி: முதல் டேப் மட்டும்தான் வருகிறது. மற்ற இரண்டும் காணோம்.

காணாமல் போகவில்லை, கீழே இருக்கிறது. புது டேபில் 1000 வரி இருக்கும். ஏ2:டி என்றால் அந்தக் காலி வரிகளும் சேர்த்துத்தான். மதுரையில் 40 வரி எழுதியிருந்தால், மிச்சக் காலி வரிகளைத் தாண்டித்தான் தேனி தொடங்கும். மேலே உள்ள "இஸ் நாட் நல்" (காலியாக இல்லாதவை மட்டும்) பகுதியை விட்டிருப்பீர்கள். அதை விட்டுவிட்டு தேதி வரிசையும் கேட்டால் காலி வரிகள் எல்லாம் மேலே ஏறி நிற்கும். டேபே வெறுமையாகத் தெரியும்.

கேள்வி: சில வரிகளில் பில் எண் மட்டும் காலியாக வருகிறது. மூல டேபில் சரியாக இருக்கிறது. ஏன்?

1045, 1046 என்று போய்க்கொண்டிருந்து நடுவில் 1046-ஏ என்று ஏதாவது இருக்கும், பாருங்கள். குவெரி ஒரு காலத்துக்கு ஒரே வகையைத்தான் ஏற்கும். எது பெரும்பான்மையோ அதுதான் அந்தக் காலத்தின் வகை. சிறுபான்மையைப் பிழை எதுவும் காட்டாமல் காலியாக்கிவிடும். இதுதான் இந்த ஃபார்முலாவின் மிகப் பெரிய ஆபத்து, ஏனென்றால் மொத்தம் தப்பாக வந்தாலும் யாருக்கும் தெரியாது. பில் எண் காலத்தை மூன்று டேபிலும் முழுதாகத் தேர்ந்தெடுத்து ஃபார்மட், நம்பர், பிளெயின் டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். கூட்டிக் கழிக்கப்போவதில்லை, அது எழுத்தாகவே இருக்கட்டும்.

தொகையில் இதே சிக்கல் தலைகீழாக வரும். "ரூ 450", "450/-" என்று அடித்தால் அது எழுத்து. வெறும் 450 என்று அடித்து, ரூபாய்க் குறியை ஃபார்மட்டில் கொடுங்கள். சந்தேகமிருந்தால் பக்கத்தில் =இஸ்நம்பர்(டி2) போட்டுப் பாருங்கள்.

தேதிக்கு ஃபைல், செட்டிங்ஸில் லொக்கேல் இந்தியா என்று இருக்க வேண்டும். அமெரிக்கா என்றிருந்தால் 13/04/2025 எழுத்தாக நின்றுவிடும். 05/04/2025 சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடும். இரண்டாவதுதான் மோசம்.

கேள்வி: "அரே லிட்டரல்" என்று ஏதோ பிழை வருகிறது.

ஒரு டேபை ஏ2:டி என்றும் இன்னொன்றை ஏ2:இ என்றும் கொடுத்திருப்பீர்கள். அடுக்கும்போது காலம் எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிக்கை சரி, வரிசை மட்டும் மாறியிருக்கிறது என்றால் பிழை வராது. பொருள் காலத்தில் பில் எண் போய் உட்காரும்.

கேள்வி: எந்தக் கிளையின் வரி என்று தெரியவில்லையே? கிளைவாரி மொத்தமும் வேண்டும்.

கிளைப் பெயரை முதல் காலமாகச் சேர்த்துவிடலாம்:

=அரேஃபார்முலா(குவெரி({இஃப்('மதுரை'!ஏ2:ஏ="", "", "மதுரை"), 'மதுரை'!ஏ2:டி; இஃப்('தேனி'!ஏ2:ஏ="", "", "தேனி"), 'தேனி'!ஏ2:டி}, "செலக்ட் கால்1, சம்(கால்5) வேர் கால்2 இஸ் நாட் நல் குரூப் பை கால்1 லேபிள் சம்(கால்5) 'மொத்தம்'", 0))

திண்டுக்கல்லையும் இதே மாதிரி சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு காலம் நுழைந்ததால் தேதி இப்போது கால்2, தொகை கால்5. வேர், குரூப் பை, ஆர்டர் பை, லேபிள் என்ற வரிசை மாறினால் ஓடாது. கூட்டாத காலம் எதுவானாலும் குரூப் பையில் இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஒரு தேதிக்குப் பிறகு உள்ளவை மட்டும்?

ஜி1-ல் தேதி இருந்தால், முதல் ஃபார்முலாவின் வேர் பகுதி இப்படி:

"செலக்ட் * வேர் கால்1 >= டேட் '"&டெக்ஸ்ட்(ஜி1, "ஒய்ஒய்ஒய்ஒய்-எம்எம்-டிடி")&"'"

ஷீட்டில் தேதி எப்படித் தெரிந்தாலும், குவெரிக்குள் 2025-04-01 என்ற வடிவம் மட்டுமே செல்லும்.

கேள்வி: மாதத்துக்கு ஒரு டேப், 12 இருக்கிறது அண்ணா. எல்லாவற்றையும் எழுதணுமா?

டேப் பெயர்களை எச்2:எச்13-ல் எழுதிவிட்டு:

=ரெட்யூஸ்('ஏப்ரல்'!ஏ1:டி1, எச்2:எச்13, லாம்டா(சேர்ந்தது, டேப், விஸ்டாக்(சேர்ந்தது, இன்டைரக்ட்("'"&டேப்&"'!ஏ2:டி"))))

இதையே குவெரிக்குள் வையுங்கள், கடைசியில் 1 போடுங்கள், தலைப்பு வரி இதில் கூடவே வருகிறது. எச் பட்டியலில் ஒரு இடம் காலியாக இருந்தாலும், டேப் பெயரில் ஒரு ஸ்பேஸ் கூடினாலும் மொத்தமும் விழும். டேபின் பெயரை மாற்றினால் பட்டியலிலும் கையால் மாற்ற வேண்டும். பன்னிரண்டுதான் என்றால் ஒருமுறை நீளமாக எழுதிவிடுவதே நல்லது என்பேன். நேரடியாக எழுதிய டேப் பெயர் தானே மாறிக்கொள்ளும்.

கேள்வி: ஒரு கிளையின் கணக்கு வேறு ஃபைலில் இருக்கிறது.

இம்போர்ட்ரேஞ்ச். ஆனால் நேராகக் குவெரிக்குள் திணிக்காதீர்கள். முதலில் ஒரு காலிக் கட்டத்தில் தனியாகப் போட்டு, "அலவ் ஆக்சஸ்" பொத்தானை அழுத்தி, தரவு வந்த பிறகு உள்ளே சேருங்கள். உள்ளே வைத்துவிட்டால் அந்தப் பொத்தான் தெரியாமல், பிழை மட்டும் நிற்கலாம்.

கேள்வி: சேர்த்த டேபில் ஒரு தொகையைத் திருத்தினேன். எல்லாமே மறைந்துவிட்டது.

அடித்ததை அழியுங்கள், திரும்ப வரும். திருத்தம் எல்லாம் கிளை டேபில்தான்.

கேள்வி: எக்செல்லில்?

குவெரி என்ற ஃபார்முலா அங்கே இல்லை. எக்செல் 365-ல் =விஸ்டாக்('மதுரை:திண்டுக்கல்'!ஏ2:டி200) என்று எழுதினால் அந்த இரண்டு டேபுக்கும் இடையில் உள்ள எல்லாம் அடுக்கப்படும். காலி வரிகளை ஃபில்டர் வைத்துக் கழிக்க வேண்டும். வரி ஆயிரக்கணக்கில் போகும் என்றால் பவர் குவெரியில் அப்பெண்ட் கொடுங்கள். ஆனால் அது தானாக மாறாது, ரெஃப்ரெஷ் அழுத்த வேண்டும்.