ஸ்ட்ரோக் நீண்டால் இழுவை கூடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய புல்லட் 350-இன் இழுவைக்கு அதன் 90 மி.மீ. ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்) காரணம் என்கிறார்கள். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்கின் கை நீளமானால் டார்க் (முறுக்கு விசை) கூடத்தானே வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: இதில் பாதிதான் உண்மை. சி.சி.யை மாற்றாமல் ஸ்ட்ரோக்கை நீட்ட வேண்டுமானால் போரை (சிலிண்டரின் உள்விட்டம்) குறைத்தாக வேண்டும். போர் குறைந்தால் பிஸ்டன் தலையின் பரப்பு சுருங்கும். அதை வாயு தள்ளும் விசையும் அதே விகிதத்தில் குறையும். கை நீண்டாலும் விசை இறங்கிவிடுவதால், பெருக்கிப் பார்த்தால் விடை ஒன்றுதான்.

ராயல் என்ஃபீல்டின் பழைய யூ.சி.இ. (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த) எஞ்சின்களையே பாருங்கள். 350, 500, கான்டினென்டல் ஜி.டி. 535 மூன்றுக்கும் ஸ்ட்ரோக் 90 மி.மீ.தான். போர் மட்டும் 70, 84, 87 என்று மாறுகிறது. நிறுவனம் சொல்லும் டார்க் 28, 41.3, 44 நியூட்டன் மீட்டர். 100 சி.சி.க்கு எவ்வளவு என்று வகுத்தால் 8.1, 8.3, 8.2 வருகிறது. ஸ்ட்ரோக் அசையாமலே, சி.சி. ஏறிய அளவுக்கு டார்க் ஏறியிருக்கிறது. எதிர்ப்பக்கம் பழைய 373 சி.சி. கே.டி.எம். 390 டியூக்: போர் 89, ஸ்ட்ரோக் வெறும் 60. ஆனாலும் 37 நியூட்டன் மீட்டர், அதாவது 100 சி.சி.க்கு 9.9. நான்கு வால்வும் கூடுதல் கம்ப்ரஷனும் சிலிண்டருக்குள் சராசரி அழுத்தத்தை உயர்த்துகின்றன. டார்க்கைத் தீர்மானிப்பவை சி.சி.யும் அந்த அழுத்தமும்தான்.

அப்படியானால் புல்லட்டில் உணரும் இழுவை பொய்யா? இல்லை. டியூக் தன் 37-ஐ நிமிடத்துக்கு 7,000 சுற்றில் தருகிறது. புல்லட் தன் 28-ஐ 4,000-லேயே தந்துவிடுகிறது. சிறிய போரில் சிறிய வால்வுகளே அடங்கும்; குறைந்த சுற்றிலும் அவற்றின் வழியே காற்று வேகமாகப் பாய்ந்து சிலிண்டர் நன்றாக நிரம்பும். கேம் டைமிங்கும் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) அந்தச் சுற்றுக்கே அமைக்கப்பட்டது. கனமான ஃபிளைவீலும் சேர்ந்துகொள்கிறது. மேல் சுற்றுக்குப் போகவிடாமல் தடுப்பது அதே ஸ்ட்ரோக்தான்: 5,250 சுற்றிலேயே பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.75 மீட்டர்.

கேள்வி: கிராங்க் பின்னை (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் பூட்டியிருக்கும் பின்னை) 2 மி.மீ. தள்ளிப் போட்டு என் புல்லட் 350-இன் ஸ்ட்ரோக்கைக் கூட்டித் தருவதாக ஒரு லேத் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பின் 2 மி.மீ. வெளியே போனால் ஸ்ட்ரோக் 4 மி.மீ. கூடி 94 ஆகும். 346 சி.சி. 362 ஆகும், உயர்வு 4.4 சதவீதம். அழுத்தம் மாறாவிட்டால் 28 என்பது 29.2 ஆகும். அவ்வளவுதான் லாபம். இதற்குச் செய்ய வேண்டிய வேலைகளைப் பாருங்கள்.

பிஸ்டன் மேலே 2 மி.மீ. ஏறும், கீழே 2 மி.மீ. இறங்கும். ஹெட்டில் இடிக்காமலிருக்கப் பேரலுக்கு (சிலிண்டர்) அடியில் 2 மி.மீ. பேக்கிங் பிளேட் வைக்க வேண்டும், அல்லது பிஸ்டன் பின்னின் (ராடைப் பிஸ்டனோடு இணைக்கும் பின்) துளை 2 மி.மீ. மேலே உள்ள பிஸ்டன் தேட வேண்டும். பிளேட் வைத்தால் ஹெட் உயரும். வால்வைத் திறக்க உதவும் புஷ் ராட் 2 மி.மீ. நீளமாக வேண்டும், ஸ்டட்டில் நட்டுக்குப் போதுமான மரை மிஞ்சுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எரி அறைக் கொள்ளளவு மாறாததால் கம்ப்ரஷன் 8.5-இலிருந்து 8.8 ஆகும், அதனால் தொல்லை இல்லை. இரண்டையுமே செய்யாமல் மூடினால் பிஸ்டன் ஹெட்டிலோ வால்விலோ மோதும்.

கீழே பிஸ்டன் ஸ்கர்ட் ஃபிளைவீலில் உரசக் கூடாது. ராட் பேரலின் அடி விளிம்பைத் தொடக் கூடாது. ஹெட்டைப் பூட்டும் முன் பிஸ்டன் மேல் ஈயக் கம்பித் துண்டு வைத்து, கேஸ்கெட்டோடு இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய தடிமனை அளக்கவும். 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வால்வுக்குக் களிமண் வைத்துப் பாருங்கள்: இன்லெட் பக்கம் 2, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இடைவெளி வேண்டும்.

பெரிய ஆபத்து கிராங்க் பின்னில்தான் இருக்கிறது. தள்ளிச் செய்த அந்தப் பின், துளைக்குள் சிறிது திரும்பினாலும் ஸ்ட்ரோக் குறையும், இக்னிஷன் டைமிங்கும் மாறும். பிரஸ்ஸில் ஏற்றிய பிறகு வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் ஓட்டம் (சுற்றும்போது மையத்திலிருந்து விலகும் அளவு) பார்க்க வேண்டும், 0.05 மி.மீ.க்குள் இல்லாவிட்டால் பேரிங் தாங்காது. பேலன்ஸும் புதிதாகப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள சி.சி. மாறுவதால் வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் குறுக்கே வரும். 1.2 நியூட்டன் மீட்டருக்காக இவ்வளவையும் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தாலே பின் சக்கரத்துக்கு இதைவிட அதிக இழுவை போய்ச் சேரும். அதே வேகத்துக்கு எஞ்சின் சற்றே அதிகம் சுற்றும்.

கேள்வி: கனெக்டிங் ராடை நீளமாக்கினால் டார்க் எவ்வளவு கூடும்?
– வாசகர், கோவை

பதில்: கண்ணுக்குத் தெரியும் அளவு கூடாது. அமெரிக்காவில் செவர்லே 350 வி8 கார் எஞ்சினை 383 ஆக்குபவர்கள் (இவை சி.சி. அல்ல, கன அங்குலம்) 95.25 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்க்கோடு 144.8 அல்லது 152.4 மி.மீ. ராட் போடுவார்கள். கிராங்க் 90 டிகிரி திரும்பும்போது குட்டை ராடில் பிஸ்டன் 55.7 மி.மீ. இறங்கியிருக்கும், நீள ராடில் 55.3. ராடும் கிராங்க் கையும் செங்குத்தாகச் சந்திக்கும் இடம் 71.8 டிகிரியிலிருந்து 72.6-க்கு நகர்கிறது. சி.சி. மாறவில்லை, அழுத்தமும் ஏறக்குறைய அதேதான்.

நீள ராடின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ராடின் உச்சச் சாய்வு 19.2 டிகிரியிலிருந்து 18.2 ஆகிறது, சிலிண்டர் சுவர் மீதான பக்க அழுத்தம் சுமார் 5 சதவீதம் குறைகிறது. ஆனால் பிளாக்கின் உயரம் அப்படியே இருப்பதால், பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலைக்கு உள்ள உயரம் 36.2-இலிருந்து 28.6 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. பிஸ்டன் பின்னின் துளை ஆயில் ரிங் பள்ளத்தை நெருங்கிவிடும். எந்த ராட் போட்டாலும் ராட் போல்ட் பிளாக்கின் அடி விளிம்பிலும் கேம் ஷாஃப்டிலும் இடிக்கிறதா என்று பார்த்தே மூட வேண்டும்.

தெருவில் ஓடும் வண்டிக்கு 144.8 ராடே போதும். மிச்சமாகும் பணத்தை ஹெட்டின் போர்ட்டுக்கும் வால்வு சீட்டுக்கும் செலவழியுங்கள். டார்க் அங்கே கிடைக்கும்.