எஞ்சினை இறக்க எந்த ஜாக்கி?

கேள்வி: என் மாருதி 800 எஞ்சினை வீட்டிலேயே கழற்ற நினைக்கிறேன். பாட்டில் ஜாக்கி போதுமா? - வாசகர், ஈரோடு

பதில்: போதாது தம்பி. பாட்டில் ஜாக்கிக்குத் தூக்கும் பலம் உண்டு. ஆனால் அடிப்பாகம் குறுகல், லேசாகச் சாய்ந்தாலே நழுவிவிடும். 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் என்றாலும் மேலிருந்து தொங்கவிட்டு எடுப்பதே எனக்குப் பிடித்த முறை. எஞ்சின் கிரேன் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். அதன் கையை நீட்ட நீட்டத் தூக்கும் திறன் குறையும். கிரேனின் அந்தக் கைமேலேயே எழுதியிருக்கும் எடை அளவைப் பாருங்கள். சக்கரம் வைத்த 2 டன் டிராலி ஜாக்கியும் வேண்டும், கியர்பாக்ஸைத் தாங்க. நடுவே மரக்கட்டை வையுங்கள், வெறும் இரும்பு பக்கத்திலுள்ள ஆயில் சம்பில் (எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) பட்டால் அது நசுங்கும். காருக்கு அடியில் போவதென்றால் காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே படுக்காதீர்கள்; ஜாக்கிக்குள் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. பேட்டரி வயரை முதலில் கழற்றிவிடுங்கள்.