மருத்துவமனைக் கிருமிகளிடையே மருந்தை எதிர்க்கும் மரபணு எப்படிப் பரவுகிறது?

ஒரு வகைக் கிருமிக்கு இருக்கும் மருந்தெதிர்ப்பு, சம்பந்தமே இல்லாத இன்னொரு வகைக் கிருமிக்கு எப்படி வருகிறது என்பது உங்கள் கேள்வி. பாக்டீரியா தன் மரபணுவைச் சந்ததிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பதற்கும் கொடுக்கும்.

இதில் முக்கியமானது பிளாஸ்மிட். குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம் அது; மருந்தை எதிர்க்கும் மரபணு இதில் இருக்கலாம். ஒரு பாக்டீரியா மெல்லிய இழையை நீட்டி அடுத்ததை அருகே இழுக்கும். வளையத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும் இரண்டு புரிகளில் ஒன்று அங்கே போகும். இரண்டு பக்கமும் மறுபுரியை உருவாக்கிக்கொள்ளும். அதனால் கொடுத்த பாக்டீரியா எதையும் இழப்பதில்லை.

என்டிஎம்-1 என்ற மருந்தெதிர்ப்பு மரபணுவைப் பாருங்கள். டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், 2008-இல், கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில் அது கிடைத்தது. அவர் மலத்திலிருந்த ஈ. கோலை என்ற வேறு பாக்டீரியாவிலும் அதே மரபணு, ஆனால் வேறு அளவுள்ள பிளாஸ்மிட்டில்! அவர் குடலுக்குள்ளேயே அது கைமாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கார்பாபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளையே உடைக்கும் நொதியை உருவாக்கும் மரபணு இது. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், சென்னை மாதிரிகளில் மட்டும் 44 கிருமிகளில் அது இருந்தது.

மருத்துவமனையில் ஏன் அதிகம்? ஆன்டிபயாடிக் சாதாரணக் கிருமிகளைக் கொன்றுவிட, பிளாஸ்மிட் உள்ளவை பெருகும். கைகள், உடலில் செருகும் கதீட்டர் குழாய் வழியாக அவை அடுத்த படுக்கைக்குப் போகும். என்னைக் கேட்டால், பலரும் கவனிக்காத இடம் வார்டின் வாஷ்பேசினிலிருந்து கழிவுநீர் வெளியேறும் குழாய்தான். அங்கே வழுவழுப்பாகப் படியும் படலத்தில் பலவகைக் கிருமிகள் நெருக்கமாக வாழ்கின்றன. தண்ணீர் தெறிக்கும்போது அவை வெளியே வருகின்றன.