மாரி எப்போது? தும்பி, எறும்பு, பஞ்சாங்கம்: கேட்டவர்களுக்குப் பதில்

யாழ்ப்பாணப் பக்கம் ஐப்பசி பாதி போயும் வெயில் கொளுத்துகிறது என்று ஆளுக்கொரு குறியைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். விவசாயப் போதனாசிரியராக வயல் வரம்பில் நின்று பழகியவன் என்ற அளவில் சொல்கிறேன். நாள், நேரம் குறித்துத் தரமாட்டேன்.

கொடிகாமம்: ஐயா, புழுதியில் நெல் விதைத்துவிட்டேன். எறும்பு முட்டையோடு சுவரேறுகிறது. மழை வருமா?

"எறும்பு முட்டைகொண்டு திட்டை ஏறினால் மழை" என்பது சும்மா வந்த பேச்சல்ல. புற்றில் ஈரம் ஏறினால் அது முட்டையைத் தூக்கும். ஆனால் ஈரம் எங்கிருந்து வந்ததென்று எறும்பு சொல்லாது. ஒரு வருஷம் எங்கள் குசினிச் சுவரில் மூன்று நாள் விடாமல் ஏறியது. ஊருக்கெல்லாம் மழை என்று சொல்லிவிட்டேன். நாலாம் நாள் பார்த்தால் தொட்டிக்குக் கீழே பைப் ஒழுகுகிறது.

உங்கள் நெல்லுக்கு வருவோம். காய்ந்த புழுதியில் விதை பொறுமையாகக் கிடக்கும். பயம் அரைகுறை மழைக்குத்தான். ஒரு தூறல் விழுந்து, முளைத்து, பிறகு பத்து நாள் வெயில் என்றால் பயிர் போச்சு. கொஞ்ச விதைநெல் கைவசம் வைத்திருங்கள். வயலோரத்து வெள்ளவாய்க்காலை இப்போதே துப்புரவாக்குங்கள்.

கரவெட்டி: பள்ளிக்கூட மைதானத்துக்கு மேல் ஆயிரக்கணக்கில் தும்பி. மழைக் குறிதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். மஞ்சளோடிய செம்மை நிறம், அகன்ற பின்சிறகு, இருந்து இளைப்பாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றால் அது பன்டாலா பிளேவெசென்ஸ் என்கிற தும்பி. ஊர் விட்டு ஊர் அல்ல, கண்டம் விட்டுக் கண்டம் போகிற சாதி.

மாலைதீவில் இருந்த சார்லஸ் அண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டார். அந்தத் தீவுகளில் தரைக்கு மேலே நன்னீரே அரிது. தும்பி முட்டையிட நன்னீர் வேண்டும். பிறகு ஏன் ஒவ்வொரு ஒக்டோபரிலும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறது? வருஷக்கணக்காகக் குறித்துவைத்து 2009இல் எழுதினார்: இவை இந்தியாவிலிருந்து கிழக்கு ஆபிரிக்காவுக்குக் கடல் தாண்டிப் போகின்றன, மாலைதீவு வழித்தங்கல்தான். மழைப்பட்டை தெற்கே நகர, அதையொட்டி உயரத்தில் வீசும் வடகீழ்க் காற்றில் ஏறிக்கொள்கின்றன. மழை விட்டுப்போன குட்டையில் முட்டையிட்டு, குட்டை வற்றுமுன் குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்துவிடும். ஆகவே மழை போகிற வழிதான் அதன் வழி.

கூட்டமாக வந்தது பருவக்குறி. "தும்பி தாழப் பறந்தால் மழை" என்பது வேறு. காற்றில் ஈரம் கூடினால் சின்னப் பூச்சிகள் கீழே இறங்கும், அவற்றைத் தின்னத் தும்பியும் இறங்கும். அது சில மணி நேரத்துக்கான குறி, அவ்வளவே. வருகிற மாரி பெரிதா சிறிதா என்று எந்தத் தும்பிக்கும் தெரியாது.

திருநெல்வேலி: பச்சை, நீலம், சிவப்பாக ஒரு குருவி விறாந்தையில் வந்து விழுந்தது. சகுனமா?

சகுனமில்லைப் பிள்ளை, களைப்பு. ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரப் பக்கத்திலிருந்து வருகிறது. துளை போட்ட மட்டைப்பெட்டியில், இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் மரமுள்ள வளவில் விடுங்கள்.

மானிப்பாய்: மழை எப்போது தொடங்கும்?

முதல் பந்தியைப் பாருங்கள்.

இணுவில்: வாக்கியப் பஞ்சாங்கம் மழைக்கு ஒரு மரக்கால் கணக்குச் சொல்கிறது, திருக்கணிதப் பஞ்சாங்கம் வேறு சொல்கிறது. எதை நம்ப?

திருவிழாவுக்கு உங்கள் வீட்டில் எதைப் பார்ப்பீர்களோ அதைப் பாருங்கள். மழைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தைக் கேளுங்கள்.

இப்படிச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். பண்டத்தரிப்பு அண்ணை ஒருவர், "மார்கழிக் கர்ப்போட்டம் பொய்யா? என் அப்பா கொப்பியில் எழுதிவைத்தவர்" என்கிறார். சுன்னாகத்திலிருந்து ஒருவர், "வாக்கியக்காரர் எல்லாரும் இப்படித்தான்" என்று எண்ணெய் ஊற்றுகிறார். இன்னொருவர் இருவரையும் கோயில் வழக்கு வரை இழுத்துவிட்டார்.

அண்ணை, கோபிக்காதேயுங்கோ. கர்ப்போட்டம், அதாவது மார்கழி மேக ஓட்டத்தை வைத்து அடுத்த மழையைக் கணிப்பது, சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். மார்கழியில் எந்த நாள் மேகம் ஓடியது, அடுத்த மாரியில் அதற்குரிய நாளில் மழை விழுந்ததா என்று பத்து வருஷம் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தவறிய நாளையும் எழுத வேண்டும், அங்கேதான் எல்லாரும் பேனையை மூடிவிடுகிறோம். என் தகப்பனாரும் குறித்தார். இரண்டு வருஷம் ஓரளவு சரி. மூன்றாம் வருஷம் கொப்பியைச் செல் அரித்துவிட்டது. உங்கள் அப்பாவின் கொப்பி இருந்தால் கொண்டுவாருங்கள், உண்மையாகவே பார்க்க ஆசை.

வாக்கியம் பெரிதா திருக்கணிதம் பெரிதா என்பதை இத்தோடு விடுங்கள். அந்த நேரத்துக்கு உங்கள் வாசல் வெள்ளவாய்க்காலைப் பாருங்கள்.

ரொறன்ரோ: இங்கே மயிர்க்கொட்டியின் மண்ணிறப் பட்டை ஒடுங்கியிருக்கிறது. கடுங்குளிர் வருமாம்?

அந்தப் பட்டை புழுவின் வயதையும் வளர்ச்சியையும் காட்டும், வரும் பனிக்காலத்தை அல்ல. குளிர்ச்சட்டையை எப்படியும் வாங்கத்தானே போகிறீர்கள்.

சாவகச்சேரி: எல் நினோ என்றால் நமக்கு வறட்சிதானே?

மாரிக்கு மறுவளம். எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் ஆண்டுகளில் எங்கள் ஒக்டோபர்–டிசெம்பர் மழை பெரும்பாலும் கூடும், அதற்கு எதிரான லா நினாவில் குறையும். எப்போதும் அல்ல.

கிளாலி: 2022 போல மாடுகள் குளிரில் சாகுமா?

அந்த மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கு கிழக்கில் நூற்றுக்கணக்கில் செத்தன. வாடை மட்டும் என்றால் மாடு தாங்கும். நனைந்த உடம்பில் வாடை பட்டால்தான் ஆபத்து. வடக்குப் பக்கம் படங்கு கட்டுங்கள், நிலத்தில் வைக்கோல் போடுங்கள், கன்றையும் மெலிந்ததையும் முதலில் உள்ளே எடுங்கள்.

உரும்பிராய்: மாரித்தவக்கை கத்தத் தொடங்கினால்?

அது கத்தும்போது நீங்கள் ஏற்கெனவே நனைந்திருப்பீர்கள். 2008இல் நிஷா புயல் வெள்ளத்திலும் தவக்கை முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. மதில் கட்டி வாய்க்காலை அடைத்தவர்கள் வீட்டுக்குள்தான் வெள்ளம் முதலில் போகும். மூன்றாம் தரம் சொல்கிறேன்.

கோப்பாய்: ஐயா, அப்போ மழை எப்போது?

கொடியில் காயும் வேட்டியை நான் இன்னும் எடுக்கவில்லை.