முதல் வாளிலேயே நின்றுவிட்டால்

அன்புள்ள ஐயா,

இருபது வருடம் வேலை பார்த்த பிரிவை மூடிவிட்டார்கள். இப்போது வேறு பிரிவு, புது மேலாளர், பழக்கமில்லாத மென்பொருள். சாமுராய்களைப் பற்றிப் படித்துவிட்டு, எது வந்தாலும் பாறை மாதிரி இருக்க முயல்கிறேன். வெளியே அமைதி, உள்ளே கொதிப்பு. ராத்திரி தூக்கமில்லை. ஜூடோ வகுப்பில் சேரலாமா என்றுகூட யோசிக்கிறேன். வயது 46. என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாறை மாதிரி இருக்கப் பார்ப்பதுதான் உங்களை வதைக்கிறது என்று நினைக்கிறேன்.

17ஆம் நூற்றாண்டில் தகுவான் சோஹோ என்ற ஜென் துறவி, ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகன்களுக்கு வாள் பயிற்சி தந்த யக்யூ முனெனோரிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கல்லாய், மரமாய்க் கிடக்கச் சொல்லவில்லை அவர். மனம் நாலா பக்கமும் ஓடட்டும், எங்கும் நின்றுவிடக் கூடாது என்கிறார். பத்துப் பேர் வாளோடு வருகிறார்கள். முதல் வாளைத் தட்டிவிட்ட பிறகும் மனம் அதிலேயே நின்றால், அடுத்த வாள் வெட்டிவிடும். ஆயிரம் கை கொண்ட கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தையும் காட்டுகிறார்: வில் பிடித்த கையிலேயே மனம் தங்கிவிட்டால் மிச்சம் 999 கைகளும் உதவாது.

உங்களுக்கு மூடப்பட்ட பிரிவுதான் அந்த முதல் வாள். வருத்தப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், இருபது வருடம் சும்மாவா? வருத்தம் வரட்டும், போகட்டும். அதை வெளியே தெரியாமல் அமுக்கி வைக்கவும் மனம் அங்கேயே காவல் நிற்க வேண்டியிருக்கிறது. அப்புறம் தூக்கம் எப்படி வரும்?

அமைதி என்றால் வாய்மூடி இருப்பது என்றும் எண்ண வேண்டாம். மடத்து நியமனங்களில் அரசு தலையிட்டதைத் தகுவான் எதிர்த்தார். 1629இல் வடக்கே நாடுகடத்தினார்கள். 1632இல் மன்னிப்புக் கிடைத்தது. பிற்பாடு ஷோகன் இயெமிட்சுவே அவருக்கு இன்றைய டோக்கியோவில் இருக்கும் ஷினகாவாவில் கோவில் கட்டித் தந்தார். மேலாளரிடம் கேட்க வேண்டியது இருந்தால் கேட்டுவிடுங்கள்.

சரி, ஜூடோ. 1882இல் கானோ ஜிகோரோ தொடங்கிய இந்தக் கலையில் முதல் பாடமே விழுவதுதான். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, தரை தொடும் கணத்தில் கை முழுவதையும் பாயில் ஓங்கி அடிக்க வேண்டும். விழாமல் தப்பிக்கக் கையை ஊன்றுகிறவருக்குத்தான் மணிக்கட்டு போகும். 46 ஒரு தடையே இல்லை. முட்டியையும் முதுகையும் டாக்டரிடம் காட்டிவிட்டு, ஒருநாள் போய் வகுப்பைப் பாருங்கள். புதியவர்களுக்கு விழக் கற்றுத்தராமல் தூக்கி எறிகிறார்கள் என்றால், வேறு இடம் தேடுங்கள்.