திருவக்கரை கல்மரம் போட்டோல வெறும் பாறாங்கல் மாதிரி வருதா?

ப்ரோ, பாண்டியிலேருந்து போய் எடுத்த திருவக்கரை கல்மரம் (விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற, கல்லா மாறிப்போன பழங்கால மரம்) போட்டோல மரமே தெரியல, பாறாங்கல்லுதான் தெரியுதுன்னு கேட்டிருந்தீங்க. கேமரா மேல தப்பு இல்ல, உச்சி வெயில்ல எடுத்ததுதான் காரணம், வெளிச்சம் நேரா மேலேருந்து விழுந்தா நார் ஓடுற கோடு, வெடிப்பு எதுக்குமே நிழல் விழாது. சாயங்காலம் கல்மரப் பூங்கா கேட் மூடுறதுக்கு முன்னாடி போங்க, வெயில் சாஞ்சு மரத்துக்கு குறுக்கால அடிக்கிற பக்கமா பாத்து தரையோட உக்காந்து எடுங்க, உடைஞ்ச முனையை மட்டும் தனியா க்ளோஸ்அப் எடுங்க, பாதி பேர் அதை விட்டுட்டு நீளத்தை மட்டும் எடுத்துட்டு வந்துடறாங்க. தண்ணி ஊத்தினா கோடு பளிச்னு தெரியும்தான், ஆனா பாதுகாக்கப்பட்ட இடம், வேணாம். போலரைசர் ஃபில்டர் (லென்ஸ் முன்னாடி மாட்டுற, பளபளப்பைக் குறைக்கிற கண்ணாடி) போட்டாலே கல்லு மேல தெரியுற வெள்ளை மினுமினுப்பு குறையும். அப்புறம் கிளை, இலைன்னு தேடி அலையாதீங்க, சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி வெள்ளத்துல அடிச்சிட்டு வந்து மண்ணுல புதைஞ்ச மரம்னு ஜியாலஜிக்காரங்க சொல்றாங்க, அதான் அடிமரம் மட்டும் கிடக்கு. பௌர்ணமி அன்னிக்கு மட்டும் போயிடாதீங்க, அதே ஊர்ல இருக்கிற வக்கிரகாளி கோயில் கூட்டத்துல வண்டி நகராது.