டாமி கன் சினிமாவில் வருவதுபோல நிமிடக்கணக்கில் சுடுமா?

சுடாது. கைத்துப்பாக்கிக்கான .45 தோட்டாவையே, விசையை விடும்வரை சரமாரியாகச் சுடுவதுதான் தாம்சன் துப்பாக்கி, அதாவது டாமி கன். 1921 மாடலின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 800 தோட்டா. அடியில் தொங்கும் வட்ட டப்பாவிலோ வழக்கமாக 50தான். கணக்குப் போட்டால் நான்கு விநாடிகூட வராது. சின்னக் குடத்தில் பெரிய ஓட்டை போட்ட கதை! திரையில் வெடிப்பது குண்டில்லாத வெற்றுத் தோட்டா. டப்பா தீர்ந்தால் காட்சியை வெட்டி ஒட்டிவிடலாம். நிஜத்தில் அந்த டப்பா நல்ல கனம், நடந்தால் கடகடவென்று சத்தம் வேறு. அதனால்தான் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை நேரான தோட்டாப் பெட்டிக்கு மாறியது. அப்புறம், இந்தத் துப்பாக்கி சிகாகோ ரவுடிகளுக்காகச் செய்ததல்ல. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டைக்காக ஜான் தாம்சன் என்ற ராணுவ அதிகாரி திட்டமிட்டது, விற்பனைக்கு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது.